டோர்ட்முண்டில் ஓர் ஆடி ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, காலி ஊறுகாய் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக் கண்ணாடித் தொட்டிக்குப் போனேன். முதல் பாட்டிலோடு கை நீட்டியபோதே கீழ்வீட்டு அம்மையார் சன்னலைத் திறந்தார். எண்பது வயதிருக்கும். "இன்று ஞாயிற்றுக்கிழமை" என்றார். அவ்வளவுதான். பையோடு திரும்பிவிட்டேன்.

இந்தத் தொட்டி விவகாரத்தை விளக்கித்தான் ஆகவேண்டும். ஜெர்மனியில் தண்ணீர், பீர் பாட்டில்களுக்குக் கடையிலேயே முன்பணம் பிடித்துக்கொள்வார்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் பாட்டிலென்றால் 25 சென்ட். காலியைக் கொடுத்தால் காசு திரும்பும். ஊறுகாய், ஜாம் பாட்டில்களுக்கு அது கிடையாது, தொட்டிக்குத்தான் போகவேண்டும். நிறமில்லாததற்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று. நீலம் இருந்தால் பச்சையில் சேரும். எங்கள் தெருவில் காலை 7 முதல் இரவு 7 வரை போடலாம். ஞாயிற்றுக்கிழமை கூடவே கூடாது, உடையும் சத்தம் அடுத்தவர் ஓய்வைக் கெடுக்கும். ஞாயிறு இங்கே அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919-இல் வைமார் அரசியல் சட்டத்தில் எழுதிய ஓய்வுநாள் பாதுகாப்பை 1949-இன் அடிப்படைச் சட்டமும் எடுத்துக்கொண்டது. ஒரு கிழவியின் காலைத் தூக்கத்துக்கு ஒரு தேசமே காவல் நிற்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வந்த புதிதில் இந்த அமைதியில் நான் அழுதிருக்கிறேன். எங்கள் ஊர் ஆரணியில் ஆடி ஞாயிறென்றால் விடியும்போதே ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. வேப்பிலை கட்டிய கூழ்ப்பானைகள், கருவாட்டுக் குழம்பு வாசம், சொம்போடு ஓடிவரும் பிள்ளைகள். கூழுக்கு யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை.

பையை வைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். பின்னால் அதே ஒலிபெருக்கி. "அதைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லேம்மா, ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"கூழ் ஊத்துறாங்க கண்ணு, யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றவள் சற்றுக் கழித்து, "நீயா இப்படிச் சொல்ற?" என்று கேட்டாள்.

மேசைமேல் ஜெர்மன் குடியுரிமை விண்ணப்பம் இரண்டு மாதமாகக் கிடக்கிறது. 2024 ஜூன் 27 முதல், எட்டாண்டு வசித்திருக்க வேண்டும் என்பதை ஐந்தாக்கிவிட்டார்கள். பழைய குடியுரிமையை விடச் சொல்வதுமில்லை. குடியுரிமைத் தேர்வில் 33 கேள்விக்கு 17 சரியானால் போதும், அதையும் எழுதித் தேறிவிட்டேன். தடை நம் பக்கம்தான். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, இன்னொரு நாட்டின் குடியுரிமை பெற்றதுமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்கலாம், ஓட்டு கிடையாது.

நிரந்தரத் தங்கும் அனுமதி போதாதா என்று அண்ணன் கேட்கிறார். அம்மா நடமாட்டத்தோடு இருக்கும்வரை போதும். ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் அந்த அனுமதி பொதுவாகச் செல்லாமல் போய்விடும். அவளுக்கு எழுபத்திரண்டு வயது. அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது ஒன்றரை வருடம் கட்டிலை விட்டு நகராதவள் அவள். அவளுக்கு ஒன்றென்றால், ஐந்தாம் மாதம் காலண்டரைப் பார்த்துப் பெட்டி கட்ட என்னால் ஆகாது. ஜெர்மன் பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும் கையில் இருந்தால் எத்தனை நாளும் அவளோடு இருக்கலாம், இங்குள்ள வாழ்க்கையும் கைவிட்டுப் போகாது. பெற்றவள் பக்கத்தில் உட்கார ஒரு மகள் அயல்நாட்டுக்காரி ஆகவேண்டியிருக்கிறது. இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நம் சட்டம் மாறவேண்டும்.

திங்கட்கிழமை ஏழு மணி அடித்ததும் பாட்டில்களைப் போட்டுவிட்டு வந்து விண்ணப்பத்தில் கையெழுத்திட்டேன். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்பாள் அம்மா. ஆவணி பிறக்கட்டும். அவளிடம் சொல்லிவிட்டு அனுப்புகிறேன்.