புதுசா எத்தனை புத்தகம்?

ஜனவரி மாதம். சென்னைப் புத்தகக் காட்சியிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை திரும்பும் பஸ்ஸில், மடியில் கனமான துணிப்பையோடு ஒருவராவது உட்கார்ந்திருப்பார். அவர் கீழ்பென்னாத்தூரில் இறங்குகிறவர் என்றே இருக்கட்டும். பையில் ஏழெட்டுப் புத்தகங்கள். வீட்டு வாசலில் என்ன கேள்வி வரும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

"போன வருஷம் வாங்கினதையே இன்னும் பிரிக்கல. இதை எங்கங்க வெக்கிறது?"

நியாயமான கேள்விதான். பீரோ நிரம்பி, பரண் நிரம்பி, கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டி வந்தாயிற்று. மழை வந்தால் கரையான் பயம் வேறு.

இந்தக் கேள்விக்கெல்லாம் அசராதவர் ஒருவர் செட்டிநாட்டில், கோட்டையூரில் இருந்தார். பெயர் ரோஜா முத்தையா. பெரிய கல்லூரிப் பேராசிரியர் அல்ல. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 1950 வாக்கில் புத்தகம் சேர்க்கத் தொடங்கியவர், கடைசிவரை நிறுத்தவில்லை. பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி வாங்கினார்.

இலக்கியம், சித்த மருத்துவம், பக்தி என்று புத்தகங்கள் குவிந்தன. அதோடு விட்டாரா? நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, பழைய கடிதம், எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். நாடகம் முடிந்த மறுநாளே கடலை மடிக்கப் போகிற காகிதம் நோட்டீஸ். ஆனால் எந்த ஊரில், எந்தக் கொட்டகையில், யார் நடித்தார்கள், டிக்கெட் எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். வேறு எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். புதிதாக வாங்கியதை அடுக்கி வைத்து செல்போனில் படம் பிடித்துப் போடும் இந்தக் காலத்தில், நோட்டீஸைப் படம் பிடிக்க யாருக்குத் தோன்றும்?

1992-ல் அவர் காலமானபோது கோட்டையூரில் இருந்தவை சுமார் 1,00,000 உருப்படிகள்.

சேர்த்தவர் போய்விட்டால் பெரும்பாலான சேகரிப்புகள் எடைக்குத்தான் போகும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எது எங்கே இருக்கிறது, எதற்காக வாங்கியது என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முத்தையாவின் சேகரிப்புக்கு அந்தக் கதி நேரவில்லை. 1994-ல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. தமிழ்ப் புத்தகத்தைக் காப்பாற்ற சிகாகோவிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் அவர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. மொழி அறக்கட்டளையின் துணையோடு சென்னையிலேயே நூலகமாக்கினார்கள். நைந்துபோன பக்கங்கள் மைக்ரோஃபிலிமில் பதிவாயின. முதலில் முகப்பேரில் இருந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்போது தரமணியில் இருக்கிறது.

முத்தையா இல்லாவிட்டாலும் அந்த அலமாரிகளுக்குப் புது வரவு நிற்கவில்லை. மற்றவர்கள் ஆசையாகச் சேர்த்து வைத்தவையும் அங்கே வந்து சேர்ந்தன. சிந்து சமவெளி எழுத்துகளை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவனின் வழிகாட்டுதலில், 2007-ல் சிந்துவெளி ஆய்வு மையமும் அங்கேயே தொடங்கியது.

கீழ்பென்னாத்தூர்க்காரர் இதற்குள் வீடு வந்து சேர்ந்திருப்பார். இந்த முறை ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, புத்தகத்தின் பெயர், வாங்கிய தேதி, ஏன் வாங்கினார் என்று ஒரு வரி எழுதலாம். நோட்டு எந்த டிராயரில் இருக்கிறது என்று மகளிடம் காட்டலாம். சட்டைப்பையில் கசங்கிக் கிடக்கும் செஞ்சி பஸ் டிக்கெட்டை, குப்பைக்கூடை பக்கம் போன கையைத் திருப்பி, முதல் புத்தகத்துக்குள் செருகியும் வைக்கலாம்.

"இதையுமா?" என்று வீட்டில் கேட்பார்கள்.