தொலைந்த அம்பு



வில்வித்தை பழகுகிறேன் என்று படம் போட்ட நாளிலிருந்து பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "சேர், குறி தப்பினா என்ன செய்வீங்க?" தேடுவோம். எய்கிற நேரத்தை விடத் தேடுகிற நேரம் கூடின நாட்களும் உண்டு.

நாங்கள் எய்வது ஊரவர் ஒருவரின் தென்னந்தோட்டத்துக்குள். நடந்து நடந்து ஒவ்வொரு இலக்காக எய்ய வேண்டும். சர்வதேசப் போட்டியில் இந்த முறைக்கு 24 இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் 3 அம்புகள். எங்களிடம் 6 இலக்குகள்தான்.

போன சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, ஐந்தாவது இலக்கில் என் அம்பு ஒன்று தப்பியது. கறுப்பு கார்பன் அம்பு. இலக்குக்குப் பின்னால் அரை மணித்தியாலம் தேடினேன். மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. விட்டுவிட்டு வந்துவிட்டேன். தோட்டக்காரக் காக்காவிடமும் சொல்லவில்லை. சொன்னால் இனி வரவேண்டாம் என்று விடுவாரோ என்ற பயம்.

இரவு தூக்கம் வரவில்லை. அங்கே மாடு மேய்கிறது. பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடித் திரிகிறார்கள். கார்பன் அம்பு முறிந்தால் ஊசி ஊசியாகப் பிளக்கும். பள்ளிவாசலுக்குள் அம்போடு வருபவர் அதன் முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், யாருக்கும் காயம் படக்கூடாது என்ற ஹதீஸ் புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுத்தவன் நான்.

ஞாயிறு சுபஹ் தொழுத கையோடு போய்க் காக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் என்னைப் பார்த்தார். "ராவே சொல்லியிருக்கலாமே சேர், மாட்ட அந்தப் பக்கம் கட்டியிருப்பன்" என்றார். அவ்வளவுதான்.

பேரனையும் கூட அனுப்பினார். ஏழாம் ஆண்டு, என்னிடம் படிக்கிறவன். நான் மறுபடியும் இலக்குக்குப் பின்னால் போனேன். "அங்கால இல்ல சேர், இஞ்சால பாருங்க. கீழாலதான் போன, நான் கண்ட" என்றான். உண்மைதான். தாழ்வாகப் போன அம்பு நிலத்தில் குத்தி நிற்காது, புல்லுக்கடியால் வழுக்கிக்கொண்டு போய்ப் படுத்துவிடும். இலக்கிலிருந்து எய்த இடத்தை நோக்கிப் புல்லை விலக்கி விலக்கி வந்தோம். ஏழெட்டு அடிக்குள், இலுக்குப் புல்லுக்கடியில் கிடந்தது. முந்தின நாள் எத்தனை தடவை அதைத் தாண்டி நடந்தேனோ!

எடுத்து மெல்ல வளைத்துப் பார்த்தேன். கிறீச்சென்று ஒரு சத்தம். உள்ளே வெடிப்பு. இனி எய்ய முடியாது, எய்தால் வில்லிலேயே உடைந்து கையைக் கிழிக்கும். கடதாசியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இப்போது எங்களுக்குள் ஓர் ஒழுங்கு: ஒவ்வொரு இலக்கிலும் அம்புகளை எண்ணிய பிறகே அடுத்ததற்குப் போவது. ஒன்று குறைந்தால், அன்றே காக்காவுக்குச் சொல்வது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் எங்காவது ஓர் அம்பைக் கண்டால் தயவுசெய்து எங்களுக்கு அறிவியுங்கள். பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.