ஆணியில் இல்லாத சாவி

விஸ்காம் இறுதியாண்டுக்காக எங்கள் குழு எடுத்தது ஒரு குட்டி த்ரில்லர். ஊருக்கு வெளியே ஒரு லாட்ஜ். ரிசப்ஷனில் இரவுப் பணியில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். எப்போதும் பூட்டிக் கிடக்கும் 14ஆம் எண் அறைக்குள் ஒருவன் புகுந்திருக்கிறான்; அதன் சாவி ஆணியில் இல்லை. அவள் கவனிப்பதற்கு முன்பே பார்வையாளர் அதைக் கவனித்துவிட வேண்டும். படத்தின் பயம் முழுக்க அங்கேதான் தொடங்குகிறது.

1962இல் சக இயக்குநர் ட்ரூஃபோவுடன் உரையாடியபோது ஹிட்ச்காக் சொன்ன கணக்கு இது: மேசைக்கடியில் இருக்கும் குண்டு திடீரென்று வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி, குண்டு இருப்பது முன்பே தெரிந்தால் 15 நிமிடப் பதைப்பு. எங்கள் குண்டு அந்தச் சாவி.

ரஃப் கட்டை வகுப்புத் தோழர்களுக்குப் போட்டோம். அவர்கள் பேசி முடிக்கும்வரை இயக்குநர் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் ஆசிரியர் வைத்த விதி. நியாயமான விதி. திரையில் வராததை யாரும் ஒவ்வொரு சீட்டாகப் போய் விளக்க முடியாது.

"கிளைமாக்ஸ் வீக்கா இருக்கு" என்றார்கள் பலர். "மியூசிக்க இன்னும் ஏத்துங்க" என்றான் ஒருவன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி: "மச்சான், அவன் எப்படிடா அந்த ரூமுக்குள்ள போனான்?"

நான் பற்றிக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். முதலாவது தீர்ப்பு, இரண்டாவது மருந்துச் சீட்டு. இது நோயின் அறிகுறி. 'அபோகலிப்ஸ் நவ்' எடிட்டர் வால்டர் மர்ச் தன் நூலில் இதைத்தான் சொல்கிறார்: முழங்கை வலிக்கிறது என்று வருபவருக்குக் கோளாறு தோள்பட்டையில் இருக்கலாம், வலிக்கும் இடத்திலேயே கத்தி வைக்காதே என்று. எப்படி உள்ளே போனான் என்று கேட்பவர் சாவி காணாமல் போனதைப் பார்க்கவில்லை. வலி கிளைமாக்ஸில்; காரணம் முதல் நிமிடத்தில்.

டைம்லைனில் அந்த ஷாட்டை நிறுத்தி வைத்துப் பார்த்தோம். சாவிப் பலகை பின்னால் இருக்கிறது. முன்னால் அவள் கை லெட்ஜரில் எழுதிக்கொண்டே இருக்கிறது. கண் பெரும்பாலும் அசைவின் பின்னால்தான் போகும். எழுதி முடித்து அவள் கையை எடுத்துக்கொள்ளும் வேறொரு டேக் இருந்தது. அதை வைத்தோம். கை ஃப்ரேமை விட்டுப் போன பிறகும் மூன்று விநாடி கட் செய்யாமல் விட்டோம். ஃபேன் சத்தத்தைக் குறைத்தோம். இப்போது பார்க்க வேறெதுவும் இல்லை: 13, வெற்று ஆணி, 15. கிளைமாக்ஸில் ஒரு ஃப்ரேம்கூடத் தொடவில்லை.

ஒரு தோழி, அவன் ஏன் வந்தான் என்பதற்கு ஃப்ளாஷ்பேக் வேண்டும் என்றாள். எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) ஃப்ளாஷ்பேக்குகளாலேயே ஆன படம். அங்கே அதுவே விசாரணை. எங்கள் கதையில் கேமரா லாட்ஜை விட்டு வெளியே போனால் இறுக்கம் போய்விடும். இதை அவளிடம் காரணத்தோடு சொன்னேன். ஆனால் அவள் கேட்டதன் அடியில் ஒரு தேவை இருந்தது: அவன் யார்? லெட்ஜரின் பழைய பக்கம் ஒன்றில், 14ஆம் எண்ணுக்கு நேரே அவன் பெயர் எழுதியிருக்கும் ஒரு க்ளோசப் மட்டும் சேர்த்தோம். அவள் சொன்ன வழியை எடுக்கவில்லை. சொன்ன குறையை எடுத்துக்கொண்டோம்.

புது கட்டை அதே வகுப்புக்குப் போட்டால் பயனில்லை. ரகசியம் தெரிந்தவருக்கு வெற்று ஆணி பளிச்சென்று தெரியும். அதனால் ஜூனியர்களை அழைத்து, சந்தேகம் வரும்போது கை தூக்கச் சொன்னோம். சாவி ஷாட்டிலேயே கைகள் எழுந்தன. கிளைமாக்ஸ் வீக் என்று யாரும் சொல்லவில்லை. மியூசிக் பற்றிப் பேச்சே இல்லை.

த்ரில்லர் எடுக்கப்போகும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு நண்பர் உங்கள் படத்தை முதல் முறையாக ஒரு தடவைதான் பார்க்க முடியும். எல்லோரையும் ரஃப் கட்டுக்கே செலவழித்துவிடாதீர்கள். பாதிப் பேரை அடுத்த கட்டுக்கு வைத்திருங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள். 'என்ன நடந்துச்சு, சொல்லு' என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் கதைக்கும் உங்கள் மனதில் இருக்கும் கதைக்கும் எங்கே வித்தியாசம் தொடங்குகிறதோ, அங்கிருந்து எடிட்டைத் தொடங்குங்கள்.