ரத்தம் கொடுக்க மட்டுமா நாம்?

விம்கோ நகரில் பயோடெக்னாலஜி பட்டம் முடித்த பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் வேலை. ஆராய்ச்சிக்கு ஆசைப்பட்டால், பயிற்சிக்கே பணம் கேட்கிறார்கள். பரிந்துரைக் கடிதம் தர ஆள் இல்லை.

மரபணு ஆய்வு நமக்கு அந்நியமல்ல. சாதியின் உயிர்நாடி அகமணமே என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் அம்பேத்கர் சொன்னார். ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் இனக்கலப்பு அருகி அகமணம் இறுகியதன் தடயத்தை 2013இல் மரபணுவிலேயே கண்டார்கள். ஜீனோம் இந்தியா திட்டம் 83 மக்கள் குழுக்களிடம் ரத்தம் எடுத்து, சுமார் 10,000 பேரின் மரபணுத் தரவை 2025 ஜனவரியில் வெளியிட்டது. அதைப் படித்துப் பொருள் சொல்லும் இடத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை, பிஎச்.டி.யில் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். அதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளில்தான் நம் பிள்ளைகள் உதிர்ந்துபோகிறார்கள். அந்த இடைவெளியை அடைக்கவே அமெரிக்காவில் 'பிரெப்' திட்டம் வந்தது. பட்டம் முடித்தவருக்குச் சம்பளம் கொடுத்து, ஒரு வழிகாட்டியின் கீழ் ஆய்வகத்தில் பழக்கினார்கள்.

அப்படியொரு திட்டத்தை அரசிடம் கேட்போம். அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். 1000 ஜீனோம் திட்டத்தின் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களின் மரபணுவும் அதில் உண்டு. பழகத் தொடங்க மடிக்கணினி போதும், சொல்லித்தர ஆள் வேண்டும். விம்கோ நகரில் ஏறினால் கிண்டிவரை ஒரே மெட்ரோ. ஆய்வகத்துக்குள் போய்விட்ட தோழர்களே, ஆளுக்கொரு தம்பியை, தங்கையைக் கூட்டிப்போங்கள்.

ஜெய்பீம்!