வீட்டுக்குள் பெய்த மழை

2016-ம் வருஷம், ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஒரு வேனில் போனக்காட்டுக்குப் போனோம். நான் உறுப்பினராக இருந்த சேவை கிளப்பின் அந்த வருஷத்து முதல் திட்டம் அது: தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி, நோட்டுப் புத்தக விநியோகம். பின்சீட்டில் நோட்டுகளும் கிரேயான் பெட்டிகளும் அடுக்கியிருந்தன. முன்சீட்டில் பேனர், மடங்காமல் பத்திரமாக. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அதில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். "அங்கே எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள், பேச ஆள் வேணும்" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

போனக்காடு என்றால் மலையேறுகிறவர்களுக்குத் தெரியும். 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு நடை தொடங்குவது அங்கிருந்துதான். மற்றவர்களுக்கு அங்குள்ள பாழடைந்த பங்களாவின் பேய்க் கதை தெரியும். சிகரத்துக்கும் பேய்க்கும் நடுவே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாது. வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கேயே தங்கி, பேரன் பேத்தி எடுத்துவிட்டன. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். தமிழைத் தந்ததாகச் சொல்லப்படும் முனிவரின் மலையடியில் பிறந்தும், தங்கள் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாத பிள்ளைகளை அன்று பார்த்தேன்.

நாங்கள் போன சமயத்தில் தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்து கிடந்தது. கூலி பாக்கி நின்றது. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாவற்றையும் முதலாளியின் பொறுப்பாக வைத்தது. 6 முதல் 12 வயதுள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் படிப்புக்கும் அவரே வசதி செய்யவேண்டும் என்று மாநில அரசு விதி வகுக்கலாம் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் எல்லாவற்றையும் தோட்டத்தோடு கட்டிப்போட்டதில் ஒரு சங்கடம் இருந்தது. தோட்டம் நின்றால் கூலியோடு போகாது. லயத்தின் கூரையை மாற்றவேண்டிய ஆளும் கூடவே காணாமல் போவார்.

போட்டி ஆரம்பமாயிற்று. தலைப்பை நகரத்திலேயே முடிவு செய்து கொண்டுபோயிருந்தோம்: 'இயற்கையைக் காப்போம்'. நடுவர்கள் மூன்று பேர், அதில் நானும் ஒருத்தி. முதல் பரிசு, இரண்டு மலைக்கு நடுவே சூரியன், ஆறு, ஆற்றோரம் தென்னை மரம் வரைந்த பையனுக்குப் போனது. அந்த உயரத்தில் தென்னையை நான் எங்கும் பார்க்கவில்லை. பாடப் புத்தகத்தில் பார்த்ததை வரைந்திருந்தான். நாங்களும் பாடப் புத்தகத்தில் பார்த்ததற்கே மார்க் போட்டோம்.

பத்து வயதிருக்கும் ஒரு பெண் ஒரு வீடு வரைந்திருந்தாள். வீட்டுக்குள் முழுக்க நீலப் புள்ளிகள். தரையில் வட்டம் வட்டமாக ஏதோ. "மழையை வீட்டுக்குள்ளே வரைஞ்சிருக்கா, பாருங்க" என்று சக நடுவர் சிரித்தார். நானும் சிரித்தேன். தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று காகிதத்தை ஒதுக்கி வைத்தோம்.

பரிசளிப்பு, பேனர் முன்னால் போட்டோ, ஆளுக்கொரு நோட்டு. வேன் கிளம்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து லயத்தில் ஒதுங்கினோம். உள்ளே நுழைந்ததும் முதலில் கேட்டது சத்தம்தான். குண்டான், வாளி, சோற்றுச் சட்டி என்று தரையெங்கும் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தாளத்தில் தண்ணீர் சொட்டியது. அது அந்தப் பெண்ணின் வீடு. அவள் வரைந்திருந்த வட்டங்கள் இவைதான்.

அவளுடைய அம்மா கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். தேயிலை கடையில் வாங்கியது. அந்தப் பெண் நாங்கள் கொடுத்த நோட்டை என்னிடம் நீட்டினாள். "டீச்சர், இத நீங்களே வச்சுக்கங்க. இங்க இருந்தா நனைஞ்சிரும். அடுத்த தடவ வரும்போது கொண்டாங்க, எழுதறேன்."

நான் டீச்சர் இல்லை, வங்கி குமாஸ்தா. அதைவிடப் பெரிய விஷயம், அடுத்த தடவை என்று ஒன்று எங்கள் திட்டத்திலேயே கிடையாது. அடுத்த மாதம் வேறு ஊர், வேறு பேனர்.

கிளப்புகளைக் குறை சொல்வது சுலபம். 1905-ல் சிகாகோவில் ரோட்டரியும் 1917-ல் லயன்ஸும் தோன்றியதிலிருந்து உலகெங்கும் இந்தச் சங்கங்கள் செய்த நல்ல காரியங்கள் ஏராளம். லயன்ஸ் அமைப்பு 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்காக 1988-ல் தொடங்கிய சமாதானச் சுவரொட்டிப் போட்டி பல நாட்டுப் பிள்ளைகளை வரைய வைத்திருக்கிறது. ஆனால் போட்டி என்பது வரையத் தெரிந்த பிள்ளையைக் கண்டுபிடிக்கும். காகிதம் நனையாமல் வைக்க இடமில்லாத பிள்ளைக்கு அதனால் என்ன பிரயோசனம்?

இதற்கு விடை கேரளத்திலேயே இருக்கிறது. பி.என். பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர் 1945-ல் 47 வாசகசாலைகளை ஒன்றுசேர்த்து திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கினார். அவர் மறைந்த ஜூன் 19-ஐ இன்று வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள். அவர் வழியில் வந்த கிராமத்து வாசகசாலைகளில் பெரும்பாலும் ஒரு சின்ன அறை, ஒரு அலமாரி, சாயங்காலம் கதவைத் திறக்க ஒரு ஆள், பிள்ளைகளுக்கென்று ஒரு பாலவேதி. அவ்வளவுதான். ஆனால் நாளைக்கும் கதவு திறக்கும்.

அடுத்த கூட்டத்தில் நான் கேட்டது ஒரு தகரப் பெட்டி. மழை புகாத, பூட்டுள்ள பெரிய டிரங்க்குப் பெட்டி. "பெட்டி கொடுத்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்காதே" என்றார் ஒருவர், நிஜமான கவலையோடு. கடைசியில் நாலு பேர் சேர்ந்து வாங்கினோம். நோட்டு, கலர், கொஞ்சம் தமிழ், மலையாளக் கதைப் புத்தகங்கள். பத்தாவது வரை படித்த ஒரு தோட்டத்து மருமகள் சாவியை வாங்கிக்கொண்டார். மாதம் ஒரு முறை பஸ் பிடித்துப் போனேன். தலைப்பு கொடுப்பதை நிறுத்தினேன். யானை, அட்டை, பூட்டிய தொழிற்சாலை, கொழுந்துக் கூடையோடு பாட்டி என்று அவர்களே வரைந்தார்கள். பெயரைத் தமிழில் எழுதக் கற்றுக்கொண்டு படத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டார்கள்.

பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒன்றரை வருஷத்தில் எனக்கு மாற்றல் வந்தது. அதன் பிறகு இரண்டு முறைதான் போக முடிந்தது. அந்தப் பெண் உயர்நிலைப் பள்ளிக்கு விதுராவுக்குப் பஸ் ஏறுவதாகச் சொன்னார்கள். சாவி மட்டும் கை மாறவில்லை, அந்த மருமகளிடமே இருந்தது. பெட்டி நின்றது என்னால் அல்ல, அவரால்.

உங்கள் ஊர்க் கிளப்பும் இந்த வருஷம் ஏதாவது ஒரு லயத்துக்கோ குப்பத்துக்கோ நோட்டுகளோடு கிளம்பலாம். தாராளமாகப் போங்கள். பேனருக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: நாம் திரும்பி வந்த பிறகு அங்கே சாவியை யார் வைத்திருப்பார்?