பிரம்மதண்டு பூப்பதற்கு முன்

கார்த்திகை மழை விட்டு நாலாம் நாள் தோட்டத்தில் எனக்கு வேறு வேலை கிடையாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கத்திரிக்கும் மிளகாய்க்கும் நடுவே பிரம்மதண்டு என்ற முட்செடி முளைத்திருக்கிறதா என்று சாண் சாணாகப் பார்த்துக்கொண்டே நகர்வேன். எங்கள் பக்கம் கரிசல் மண். மழையில் காலைக் கவ்விப் பிடிக்கும், தை பிறந்தால் கல்லாகும். நடுவில் ஒரு வாரம்தான் களையெடுக்க இடம் கொடுக்கும்.

இந்த நிலத்துக்கு வந்த முதல் வருஷம் பிரம்மதண்டைப் பூக்க விட்டேன். மெல்லிய தாள் போன்ற அந்த மஞ்சள் பூவைப் பார்த்துவிட்டு வெட்ட மனம் வரவில்லை. பங்குனியில் செடி காய்ந்த பிறகுதான் வெட்டி, வரப்புவரை தரையோடு இழுத்துப் போனேன். காயின் வாய் நுனியில் பிளந்து திறக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த கார்த்திகையில், நான் இழுத்துப்போன அதே தடத்தில் வரிசை பிடித்து முளைத்திருந்தது. களை வெட்ட வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காய் வெடிச்ச பெறவு வெட்டுனா அது களையெடுப்பு இல்ல தம்பி, வெதப்பு."

அவர்தான் எனக்கு அதன் நாற்றைக் காட்டிக் கொடுத்தார். விதையிலை இரண்டும் நூல் போல ஒல்லியாக நீண்டிருக்கும். அடுத்து வரும் இலை சாம்பல் பூத்த பச்சை, ஓரமெல்லாம் பல் பல்லாக. கொஞ்ச நாளில் தரையோடு வட்டமாகப் படர்ந்து, நரம்பு ஓடும் இடமெல்லாம் சுண்ணாம்பால் கோடிழுத்தாற்போல வெளுத்திருக்கும். சந்தேகம் வந்தால் ஓர் இலையைக் கிள்ளுங்கள். மஞ்சள் பால் வந்தால் அதுதான். பிரம்மன் பெயரைத் தாங்கி நின்றாலும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி இது. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயரிலேயே மெக்சிகோ இருக்கிறது. அபினிச் செடியின் குடும்பம்.

முள் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரே கோபத்தோடு வெட்டிவிட வேண்டாம். ஊதாப்பூவும், பச்சை வரியோடிய காயுமாகத் தரையில் படர்வது கண்டங்கத்திரி. இருமலுக்கு வேண்டிய மருந்து என்பதால் வேலியோரம் ஒன்றை எப்போதும் விட்டு வைக்கிறேன். இலைக்கணுவில் இரட்டை முள் இருந்தால் முள்ளுக்கீரை. இளசாகக் கிள்ளினால் கடைசலுக்கு ஆகும். நெருஞ்சியைக் காலே கண்டுபிடித்துவிடும்.

பிரம்மதண்டு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. காரணம் அதன் விதை. கறுப்பாக, கடுகளவாக, கடுகோடு கலந்தால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். 1998-இல் டெல்லியில் இந்த விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டுக் கால் வீங்கி, இதயம் பாதித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விதையை விரலில் உருட்டிப் பாருங்கள். கடுகு வழவழப்பாக இருக்கும், இது சொரசொரக்கும். நசுக்கினால் கடுகின் உள்ளே மஞ்சள், இதில் வெள்ளை. மஞ்சள் பாலைக் கண் நோய்க்கு விடுவார்கள் என்று யாராவது சொன்னாலும் தயவுசெய்து விடாதீர்கள்.

வேலை இப்படித்தான். ஈர மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் நாற்று இரண்டு விரலுக்கே வந்துவிடும். வட்டமாகப் படர்ந்துவிட்டதென்றால் ஆணிவேர் இறங்கியிருக்கும். களைக்கொத்தைச் சாய்த்து, மண்ணுக்குள் இரண்டு விரற்கடை ஆழத்தில் வேரை அறுக்க வேண்டும். மேலோடு வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். காய் வைத்துவிட்ட செடியென்றால் அவசரமே கூடாது. முதலில் சாக்கை விரித்து, காய்களை ஒவ்வொன்றாக அதற்குள் நறுக்கிப் போட்டு, அப்புறம்தான் செடியைத் தொட வேண்டும். அந்தச் சாக்கு குப்பைக்குழிக்குப் போகக்கூடாது, நெருப்புக்குத்தான். கைக்குத் தோலுறை வேண்டும், ரப்பர் உறையை முள் துளைத்துவிடும்.

கோடையில் கரிசல் வெடிக்கும்போது விதை அந்த வெடிப்புகளில் ஆழமாக இறங்கிவிடுகிறது. அங்கே பல வருஷம் உயிரோடு கிடக்கும். அதனால் களை எடுத்த இடத்தை நான் ஆழமாகக் கொத்துவதே இல்லை. தென்னை மட்டையையும் காய்ந்த சருகையும் நாலு விரற்கடை கனத்துக்குப் பரப்பிவிடுகிறேன். சும்மா கிடக்கும் பாத்தியில் தட்டைப்பயறு. அது இலை விரித்து நிழல் கட்டிவிட்டால் கீழே எதுவும் எளிதில் தலைதூக்காது.

களையெடுக்கத் தொடங்கிய முதல் வருஷம் இரண்டு சாக்குச் செடி. இது ஆறாவது வருஷம்; வேலிக்குள் 11 நாற்றுதான் அகப்பட்டது. வேலிக்கு வெளியே, பக்கத்து மனை காலியாகக் கிடக்கிறது. அங்கே முழங்கால் உயரத்தில் நிற்கின்றன, மொட்டும் கட்டிவிட்டன. மனைக்காரரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். நாளை விடியற்காலை, ஈரம் காய்வதற்குள் போக வேண்டும்.