ஈசேயில் ஒரு குளிர்நாள்

2024ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் ஜப்பான் நாட்டைக் காணும் பேறு பெற்றேன். என் சிறிய தந்தையார் நகோயா நகரில் பணிபுரிகின்றார். கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மறுநாள், "ஈசேக்குப் போய் வருவோம், தம்பி; அவசரமின்றி நடக்கலாம்," என்றார். இரயில் ஏறியது முதல் என் நெஞ்சில் ஒரே ஐயம்: சூரிய தேவியாகிய அமத்தேராசுவின் ஷிந்தோ கோயில்முன் கிறிஸ்தவனாகிய யான் எங்ஙனம் நிற்பது? அவரையே வினவினேன். "வணங்கச் சொல்லி உன்னை யாரும் கேட்கப் போவதில்லை. தொப்பியை மட்டும் எடுத்துவிடு," என்று கூறிவிட்டு உறங்கலானார்.

கோயிலுக்கு முன் ஊஜி என்னும் நீண்ட மரப்பாலம் கிடக்கின்றது. அதன் இரு தலைப்பிலும் தோரீ எனப்படும் மரவாயில்கள் நிற்கின்றன. நம் தோரண வாயிலை ஒத்தவையே. ஆயின் வண்ணமுமில்லை, சிற்பமுமில்லை. பாலத்தைக் கடந்து இசுசு ஆற்றங்கரையை அடைந்தோம். வந்தோர் குனிந்து கை கழுவினர், யானும் கழுவினேன். நீரன்று அது, ஊசி!

பின்னர் ஓங்கிய மரங்களின் நிழலில், சரளைக் கற்கள் காலடியில் நறநறக்க, மெல்ல நடந்தோம். கற்படிகளின்மேல் வெண்திரை ஒன்று தொங்கியது. வேலிகளுக்கு அப்பால் கூரைமுகடு மாத்திரமே தென்பட்டது. அருகில் ஒரு மூதாட்டியார் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிந்தார். யான் தொப்பியைக் கையிலேந்தி வாளா நின்றேன். அவர் என்னைத் திரும்பியும் பார்த்திலர். வழியெல்லாம் சுமந்து வந்த கவலை எனக்கே நகைப்பை விளைத்தது.

என்னைத் தடுத்து நிறுத்தியது கோயிலன்று. அதன் பக்கத்திலிருந்த வெற்றிடம். கற்கள் பரப்பிய அந்நிலத்தில் ஒரு சிறு மரக்குடில் மட்டுமே நின்றது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை, பழைய கோயிலின் அருகே அதே வடிவில் புதியது எழுப்பிப் பழையதைப் பிரித்துவிடுகின்றனர். 690இல் தொடங்கிய வழக்கம் இது, 2013இல் நிகழ்ந்தது 62ஆம் முறை, அடுத்தது 2033இல். பிரித்த மரமும் வீணாவதில்லை. முகட்டைத் தாங்கிய தூண்களே, யாங்கள் கடந்து வந்த பாலத்தின் தோரீயாயின! 1923இல் வகுத்த திட்டப்படி, இருநூறாண்டு முதிர்ந்தபின் வெட்டுதற்கென ஹினோக்கி மரங்களைக் கோயிற்காட்டில் வளர்க்கின்றனர். நட்டவர் எவரும் அம்முதுமரத்தில் உளிபடக் காணார்.

என் பாட்டனார் தச்சர். எங்கள் ஊர் ஆலயத்தின் கதவு அவர் இழைத்தது. அவருக்குப்பின் எம் குடியில் உளி பிடித்தவர் இலர். தந்தையார் கணக்கர், யானோ தமிழ் பயில்கின்றேன். இதனை ஒரு குறையாக யான் எண்ணியதேயில்லை. உண்மையைச் சொல்லின், சற்றுச் செருக்கும் உண்டு. அவ்வெற்றிடத்தின் முன் அச்செருக்கு நிற்கவில்லை. போர்க்குழப்பத்தால் 1462க்குப் பின் 1585 வரை அக்கோயில் இங்ஙனம் புதுக்கப்படவில்லையாம். நூற்றிருபத்துமூன்று ஆண்டுகள் விட்ட தொழிலையும் பின்வந்தோர் மீட்டனர்!

வெளித்தெருவில் பயற்று விழுது பூசிய அரிசிமாப் பண்டமும் சூடான தேநீரும் அருந்தினோம். பண்டத்தின் மேலுள்ள விரற்கோடுகள் இசுசு ஆற்றின் ஓட்டத்தைக் குறிப்பனவாம். யான் இரண்டு தட்டு உண்டேன்.

மாலை இரயிலில், "சித்தப்பா, தாத்தாவின் உளிப்பெட்டி எங்கே இருக்கின்றது?" என்றேன்.

"பரண்மேல் கிடக்கும். துருவேறியிருக்கும்."

நெடுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்திருந்தவர், பின்னர்த் தாமே சொன்னார்: "பிடி மாற்றினால் போதும். இரும்பு நல்ல இரும்பு."